குறியாக்கம் மட்டும் போதாது: மின்னணுப் போர் பற்றி ஓர் எளிய விளக்கம்

2025 மே மாதம் ஆபரேஷன் சிந்தூர் நடந்த அந்தச் சில நாட்களில் தொலைக்காட்சியைப் போட்டாலே 'ஜாமிங்' என்ற சொல்தான் காதில் விழுந்தது. ரேடாரை ஜாம் செய்தார்கள், ட்ரோனை ஜாம் செய்தார்கள், வயர்லெஸ்ஸை ஜாம் செய்தார்கள் என்று ஆளாளுக்குப் பேசினார்கள். உக்ரைன் போர் பற்றிய யூடியூப் வீடியோக்களிலும் இதே கதைதான். இதையெல்லாம் பார்த்தவர் மனதில் கடைசியில் தங்குவது ஒரு பட்டன். யாரோ ஓர் அறையில் உட்கார்ந்து அதை அழுத்துகிறார், எதிரியின் ரேடியோ எல்லாம் ஊமையாகிவிடுகிறது. இதற்கு நேர் எதிரான நம்பிக்கை ஒன்றும் உலவுகிறது: "எங்கள் வயர்லெஸ் குறியாக்கம் செய்யப்பட்டது, யாராலும் ஒன்றும் செய்ய முடியாது."

இரண்டுமே தவறு. ராணுவ வயர்லெஸ்ஸுக்கு வரும் ஆபத்து ஒன்றல்ல, மூன்று. பேசுவதை ஒட்டுக்கேட்கலாம். பேசுகிறவர் இருக்கும் இடத்தைக் கண்டுபிடிக்கலாம். பேச்சு போய்ச் சேராமல் கெடுக்கலாம், ஜாமிங் என்பது இதுதான். குறியாக்கம், அதாவது உரியவரைத் தவிர வேறு யாருக்கும் புரியாதபடி பேச்சை உருமாற்றுவது, முதலாவதற்கு மட்டும்தான் மருந்து. மற்ற இரண்டுக்கும் வைத்தியம் வேறு, அது பெரும்பாலும் கணிதத்தைவிடக் கட்டுப்பாட்டில்தான் இருக்கிறது. இதை மட்டும் மனதில் வைத்துக்கொண்டால் போர்ச் செய்திகளில் வரும் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

மின்னணுப் போர் என்பது ரேடியோ அலைகளை வைத்து நடக்கும் சண்டை. எதிரியின் அலைகளைக் கேட்பது, அவற்றைக் கெடுப்பது, நம்முடையதைக் காப்பாற்றிக்கொள்வது மூன்றும் அதில் அடக்கம்.

கெட்டிமேளம் என்ன செய்கிறது?

தாலி கட்டும் நேரம் வந்ததும் "கெட்டிமேளம், கெட்டிமேளம்" என்று யாராவது குரல் கொடுப்பார்கள். தவிலும் நாதஸ்வரமும் உச்சத்துக்குப் போகும். அந்த நேரத்தில் யாராவது தும்மினாலோ, அபசகுனமாக வாய்தவறி எதையாவது சொன்னாலோ அது யார் காதிலும் விழக்கூடாது என்பதற்காகத்தான் இந்த ஏற்பாடு என்று பெரியவர்கள் சொல்வார்கள்.

இதில் கவனிக்க வேண்டியது, மேளம் யார் வாயையும் அடைக்கவில்லை. தும்முகிறவர் தும்மத்தான் செய்கிறார். அந்தச் சத்தம் மணமேடைவரை வரத்தான் செய்கிறது. அங்கே அதைவிடப் பெரிய சத்தம் நிரம்பிக் கிடப்பதால் காதால் அதைத் தனியாகப் பிரித்தெடுக்க முடியவில்லை, அவ்வளவுதான்.

ஜாமிங் அச்சு அசலாக இதுவேதான். ஒரு ரிசீவர் எந்த அதிர்வெண்ணில் காதைத் தீட்டிக்கொண்டிருக்கிறதோ, அதே அதிர்வெண்ணில் அதற்கு வர வேண்டிய செய்தியைவிட வலுவான இரைச்சலை அனுப்புவது. (ஓர் அலை விநாடிக்கு எத்தனை முறை அதிர்கிறது என்பதே அதிர்வெண். ஒரு முறை என்றால் ஒரு ஹெர்ட்ஸ், பத்து லட்சம் முறை என்றால் ஒரு மெகாஹெர்ட்ஸ்.) ஜாமர் அலையை வெட்டுவதும் இல்லை, வழியில் மறிப்பதும் இல்லை. செவிடாவது ரிசீவர். செய்தி அனுப்பியவருக்குத் தன் பேச்சு போய்ச் சேரவில்லை என்பதே பல நேரம் தெரியாது.

மண்டபத்தை விட்டு வெளியே வருவதற்கு முன் இன்னும் இரண்டு விஷயம். மேளச் சத்தத்தின் நடுவே ஒருவர் ரகசிய மொழியில் பேசினால் பயன் உண்டா? கிடையாது. கேட்காத பேச்சு எந்த மொழியில் இருந்தால் என்ன? குறியாக்கம் ஜாமிங்கைத் தடுக்காது என்பதற்கு இதுதான் காரணம். அப்புறம், மேளக்காரர் எந்த மூலையில் இருக்கிறார் என்பதைக் கண்ணை மூடிக்கொண்டே சொல்லிவிடலாம். ஜாமரும் அப்படித்தான், போர்க்களத்திலேயே உரக்கக் கத்துவது அதுதான்.

இது புதிதாக முளைத்த உத்தி இல்லை. ரஷ்ய-ஜப்பானியப் போரின்போது, 1904 ஏப்ரலில், ரஷ்யாவின் கையில் இருந்த போர்ட் ஆர்தர் துறைமுகத்தை ஜப்பானியப் போர்க்கப்பல்கள் தாக்கின. குண்டு எங்கே விழுகிறது என்பதை வேறு கப்பல்கள் பார்த்து வயர்லெஸ்ஸில் சொல்ல, அதற்கேற்பக் குறியைத் திருத்திக்கொண்டார்கள். ரஷ்ய ஆபரேட்டர்கள் தங்கள் ஒலிபரப்பிகளில் இரைச்சலைக் கிளப்பி அந்தப் பேச்சைக் கெடுத்தார்கள். ரஷ்யா இன்றும் ஏப்ரல் 15-ஐ மின்னணுப் போர் வீரர்கள் தினமாகக் கொண்டாடுகிறது. வேடிக்கை என்னவென்றால், மறு ஆண்டு மே மாதம் சுஷிமா கடற்போருக்கு முன், தங்களைக் கண்டுவிட்ட ஜப்பானிய உளவுக் கப்பல்களின் வயர்லெஸ்ஸைக் கெடுக்க அனுமதி கேட்டது 'உரால்' என்ற ரஷ்யக் கப்பல். அட்மிரல் ரோஷஸ்த்வென்ஸ்கி வேண்டாம் என்று சொல்லிவிட்டார். ரஷ்யக் கடற்படை அந்தப் போரில் கிட்டத்தட்ட அழிந்தே போனது. ஜாம் செய்திருந்தால் தப்பித்திருக்கும் என்று நான் நினைக்கவில்லை. ஆனால் கையில் இருந்த ஓர் ஆயுதத்தை எடுக்காமலேயே விட்டார் என்பது உண்மை.

தூரம் போடும் கணக்கு

பட்டனைத் தட்டினால் நாடே ஊமையாகும் என்ற கற்பனை ஏன் நடக்காது? தூரம் விடாது.

ரேடியோ அலை பரவப் பரவ மெலியும். தூரம் இரண்டு மடங்கானால் வலு நான்கில் ஒன்றாகிவிடும். இது வெட்டவெளிக் கணக்கு. தரையை ஒட்டி, மரம் மட்டை கட்டடங்களுக்கு நடுவே போகும் அலை இன்னும் வேகமாக மெலியும், அங்கே இரண்டு மடங்கு தூரத்துக்குப் பதினாறில் ஒன்று என்றுகூடக் கணக்குப் போடுவார்கள்.

ஒரு சிப்பாயின் கையில் 5 வாட் வயர்லெஸ். அவர் பேசுவதைக் கேட்க வேண்டியவர் 10 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறார். எதிரியின் ஜாமர், கேட்பவரிடமிருந்து 20 கிலோமீட்டரில் இருக்கிறது. வெட்டவெளியில் அது 20 வாட் போட்டால் சமமாகிவிடும், தரைக் கணக்குப்படி 80 வாட் வேண்டும். லாரியில் ஏற்றிய ஜாமருக்கு இது சாதாரணம். ஆனால் நம் சிப்பாய் கேட்பவருக்கு 2 கிலோமீட்டர் அருகே வந்துவிட்டால்? வெட்டவெளியில் 500 வாட், தரைக் கணக்கில் 50,000 வாட்! அந்த அளவு மின்சாரத்தை லாரியில் ஏற்றித் திரிவது லேசில்லை.

ஆக, ஜாமிங் பலிக்குமா என்பதைத் தீர்மானிப்பது யார் எங்கே நிற்கிறார்கள் என்பது. ஜாமரை எப்படியாவது எதிரிக்கு அருகிலோ உயரத்திலோ கொண்டுபோகப் பார்ப்பதும், விமானத்திலும் ட்ரோனிலும் அதை ஏற்றி அனுப்புவதும் இதனால்தான். தற்காத்துக்கொள்பவர் செய்வது இதற்கு நேர்மாறானது. எதிரி இருக்கும் பக்கம் ஒரு குன்றை மறைப்பாக வைத்துக்கொள்வார், இடையில் ஒரு மறு ஒலிபரப்பு நிலையத்தை வைத்துத் தூரத்தை உடைப்பார்.

சரி, இதுவரை வந்ததைச் சுருக்கிச் சொன்னால்: ஜாமர் தாக்குவது கேட்பவரை. வெற்றி தோல்வியைத் தூரமும் வலுவும் சேர்ந்து தீர்மானிக்கின்றன. குறியாக்கத்துக்கு இதில் வேலையே இல்லை.

வாயைத் திறந்தாலே இடம் தெரிந்துவிடும்

மூன்று ஆபத்துகளில் உயிரை நேரடியாகக் குடிப்பது இது. ஆனால் இதைப் பற்றித்தான் குறைவாகப் பேசுகிறோம்.

ஒரு ரேடியோ ஒலிபரப்பும்போது, அலை எந்தத் திசையிலிருந்து வருகிறது என்பதை ஆன்டெனாவால் அளந்துவிடலாம். ஓர் இடத்திலிருந்து அளந்தால் வரைபடத்தில் ஒரு கோடு கிடைக்கும். இன்னொரு இடத்திலிருந்தும் அளந்தால் இன்னொரு கோடு. இரண்டும் வெட்டும் இடத்தில் ஆள் இருக்கிறார். இதற்குத் திசை காணல் என்று பெயர். 20 கிலோமீட்டரில் இரண்டு டிகிரி பிசகினாலும் 700 மீட்டர்தான் தவறும். பீரங்கிக்கு அந்தக் குத்துமதிப்பே போதும், மிச்சத்தை ஒரு ட்ரோனை அனுப்பிப் பார்த்துக்கொள்வார்கள். செய்தியில் ஓர் எழுத்துகூடப் புரிய வேண்டிய தேவையில்லை.

இரண்டாம் உலகப் போரில் ஜெர்மன் நீர்மூழ்கிகள் கதை இதற்குச் சரியான பாடம். அட்லாண்டிக்கில் அலைந்த அந்தப் படகுகளை அட்மிரல் டோனிட்ஸ் கரையிலிருந்தே வயர்லெஸ்ஸில் நடத்தினார். வணிகக் கப்பல் கூட்டத்தைக் கண்டால் உடனே தகவல் சொல்ல வேண்டும், பிறகு மற்ற படகுகளும் அங்கே குவியும். திசை காணும் ஆபத்து ஜெர்மானியர்களுக்குத் தெரியாமல் இல்லை. அதனால் நிலை, எண்ணிக்கை, திசை எல்லாவற்றையும் குறுங்குறியீடுகளாகச் சுருக்கி, அரை நிமிடத்துக்குள் அனுப்பி முடிக்கும்படி செய்தார்கள். அதற்குள் எவனாலும் ஆன்டெனாவைத் திருப்பித் திசை பார்க்க முடியாது என்பது அவர்கள் கணக்கு.

பழைய கருவிக்கு அந்தக் கணக்கு சரிதான். ஆபரேட்டர் ஆன்டெனாவைக் கையால் திருப்பி, சத்தம் எங்கே தேய்கிறது என்று தேட வேண்டும். ஆனால் பிரிட்டனில் வாட்சன்-வாட் 1926-லேயே வேறொரு முறையைச் செய்துகாட்டியிருந்தார். ஆன்டெனாவைத் திருப்ப வேண்டாம், அலை வந்த கணத்திலேயே கதிர்க்குழல் திரையில் ஒளிக்கோடு ஒன்று சாய்ந்து நின்று திசையைக் காட்டிவிடும். மின்னலின் திசை பார்ப்பதற்காக உண்டான கருவி அது. கடற்படை அதைக் காவல் கப்பல்களிலேயே பொருத்தியது, செல்லமாக 'ஹஃப்-டஃப்' என்று கூப்பிட்டார்கள். நீர்மூழ்கி தகவல் அனுப்பி முடிப்பதற்குள் திசை தெரிந்துவிடும், காவல் கப்பல் அந்தப் பக்கம் திரும்பும். செய்தியோ எனிக்மா இயந்திரத்தால் குறியாக்கம் செய்யப்பட்டது. அது உடைபட்டதா இல்லையா என்பது அந்தக் கப்பலுக்குக் கவலையே இல்லை.

ஜெர்மானியர்கள் தங்கள் இழப்புக்கெல்லாம் ரேடாரையே சந்தேகித்துக்கொண்டிருந்தார்கள். போரின் கடைசிக் கட்டத்தில் முழுச் செய்தியையும் அரை விநாடிக்குள் அடக்கி அனுப்பும் 'குரியர்' என்ற கருவியைச் செய்தார்கள். நல்ல யோசனைதான், ஆனால் காலம் கடந்துவிட்டது. செய்தியைச் சேர்த்து வைத்து ஒரே வெடிப்பாக அனுப்பும் இந்த முறை இன்றைக்கும் புழக்கத்தில் இருக்கிறது.

அண்மைக் காலத்துக்கு வந்தால், 2023 புத்தாண்டு இரவில் உக்ரைனின் மக்கீவ்கா நகரில் ரஷ்ய வீரர்கள் தங்கியிருந்த கட்டடம் ஏவுகணைகளால் தகர்க்கப்பட்டது. 89 பேர் இறந்ததாக ரஷ்யாவே ஒப்புக்கொண்டது. தடையை மீறி வீரர்கள் கைபேசி பயன்படுத்தியதுதான் முக்கியக் காரணம் என்று அதன் பாதுகாப்பு அமைச்சகம் சொன்னது. அத்தனை பேரை ஒரே கட்டடத்தில் அடைத்தவர்கள் பழியைச் சிப்பாய் மீது போடுகிறார்கள் என்று ரஷ்யாவிலேயே சிலர் கொதித்தார்கள், அதில் நியாயம் இருக்கிறது. எது எப்படியோ, கைபேசிப் பேச்சும் குறியாக்கம் செய்யப்பட்டதுதான். காட்டிக்கொடுப்பது பேச்சில்லை, அலை.

ஒட்டுக்கேட்பு: குறியாக்கத்தின் சொந்த ஊர்

குறியாக்கம் என்பது, சாவி (உரியவர்களுக்கு மட்டும் தெரிந்த ரகசிய எண்) வைத்திருப்பவரைத் தவிர வேறு யாருக்கும் புரியாதபடி செய்தியை உருமாற்றுவது. இன்றைய முறைகளைச் சரியாகக் கையாண்டால் நேரடியாக உடைப்பது நடக்காத காரியம். சிக்கல் 'சரியாகக் கையாண்டால்' என்பதில்தான்.

1914 ஆகஸ்டில் ஜெர்மனியின் கிழக்குப் பிரஷ்யாவுக்குள் நுழைந்த ரஷ்யப் படைகள் மறுநாள் எந்தப் பக்கம் நகரப் போகின்றன என்பதை வயர்லெஸ்ஸில் அப்பட்டமாக, குறியாக்கமே இல்லாமல் அனுப்பின. சாவிகளும் பயிற்சி பெற்ற ஆட்களும் எல்லாப் பிரிவுகளுக்கும் போய்ச் சேர்ந்திருக்கவில்லை. ஜெர்மானியர்கள் உட்கார்ந்து எழுதிக்கொண்டார்கள். தானென்பெர்க்கில் ஒரு ரஷ்யப் படையே வளைக்கப்பட்டு அழிந்தது, அதன் தளபதி சம்சோனோவ் தன்னைத்தானே சுட்டுக்கொண்டார்.

108 ஆண்டு கழித்து அதே நாடு அதே தவறைச் செய்தது. 2022-இல் உக்ரைனுக்குள் நுழைந்த ரஷ்யப் பிரிவுகள் பல, குறியாக்க வசதியில்லாத மலிவான சீன வாக்கிடாக்கிகளில் பேசின. வீட்டில் ரேடியோ வைத்திருக்கும் பொழுதுபோக்கு ஆர்வலர்கள்கூட அதைப் பதிவு செய்து இணையத்தில் போட்டார்கள். நவீன கருவி இல்லாமல் இல்லை, தேவையான அளவு கைக்கு வரவில்லை. சாவியை விநியோகிப்பது, மாற்றுவது, தொலைந்தால் உடனே ரத்து செய்வது என்ற அலுப்பூட்டும் வேலைகளில்தான் இந்தப் பாதுகாப்பு நிற்கிறது.

இன்னொன்று. செய்தி புரியாவிட்டாலும் யார், யாரோடு, எப்போது, எவ்வளவு நேரம் பேசுகிறார்கள் என்பதே நிறையச் சொல்லிவிடும். இரவு முழுக்க அமைதியாக இருந்த வலைப்பின்னல் விடியற்காலையில் திடீரெனப் பரபரத்தால் என்ன நடக்கப்போகிறது என்று ஊகிக்கப் பெரிய அறிவு வேண்டாம். இதைத் திருப்பிப் போட்டும் ஏமாற்றலாம். 1941-இல் அமெரிக்கக் கடற்படைத் தளமான பேர்ல் ஹார்பரை நோக்கிப் போன ஜப்பானிய விமானந்தாங்கிகள் வயர்லெஸ்ஸைத் தொடவே இல்லை. கப்பல்கள் ஜப்பானை விட்டு நகரவில்லை என்று தோன்றும்படி கரையில் இருந்தவர்கள் போலிச் செய்திகளை அனுப்பிக்கொண்டிருந்தார்கள்.

தாவித் தாவிப் பேசுவது

இனி ஜாமிங்குக்கு என்ன பதில் என்று பார்ப்போம். ஜாமர் ஒரே அதிர்வெண்ணில் இரைகிறது என்றால் நாம் வேறொன்றுக்கு மாறிக்கொள்ளலாம். எதிரியும் தேடிக்கொண்டு வருவான். மறுபடி மாறலாம். இதையே நொடிக்குப் பலமுறை, இயந்திரம் தானாகச் செய்தால்? அதுதான் அதிர்வெண் தாவல். அனுப்புபவரும் பெறுபவரும் ஒரே வரிசையில், ஒரே கணத்தில் தாவ வேண்டும். எந்த வரிசை என்பது அவர்களுக்குள் ரகசியம்.

ஹாலிவுட் நடிகை ஹெடி லமார் என்று சொன்னதும் 'வைஃபையைக் கண்டுபிடித்தவர்' என்ற ஃபார்வர்டு நினைவுக்கு வரும். நடந்தது இது: அவரும் இசையமைப்பாளர் ஜார்ஜ் ஆந்தெய்லும் 1942-இல் ஓர் அமெரிக்கக் காப்புரிமை பெற்றார்கள். ரேடியோவால் இயக்கப்படும் டார்பிடோவை எதிரி ஜாம் செய்யாமல் இருக்க, தானியங்கிப் பியானோவில் இருப்பதைப் போன்ற துளையிட்ட காகிதச் சுருளைக் கப்பலிலும் டார்பிடோவிலும் ஒன்றாக ஓடவிட்டு, 88 அதிர்வெண்களுக்குள் தாவ வைப்பது. 88 என்பது பியானோவின் கட்டைகள். அமெரிக்கக் கடற்படை அந்தப் போரில் அதைப் பயன்படுத்தவில்லை. தாவல் என்ற யோசனை அவர்களுக்கு முன்பே வேறு சிலருக்கும் தோன்றியிருந்தது. இன்றைய வைஃபை தாவுவதே இல்லை. தாவுவது புளூடூத், 79 தடங்களில் விநாடிக்கு 1,600 முறை. ஆக, லமாருக்குச் சேர வேண்டிய பெருமை உண்டு, ஃபார்வர்டில் வருகிற அளவு இல்லை.

ராணுவத்தில் இதற்குப் பேர்போன உதாரணம் 1980-களில் உருவான அமெரிக்காவின் 'சின்கார்ஸ்' வயர்லெஸ். 30 முதல் 88 மெகாஹெர்ட்ஸ் வரையுள்ள இடத்தை 25 கிலோஹெர்ட்ஸ் அகலமுள்ள 2,320 தடங்களாகப் பிரித்துக்கொண்டு, விநாடிக்கு நூறு முறைக்கும் மேல் தாவுகிறது. ஒரு தடத்தில் அது தங்குவது விநாடியில் நூறில் ஒரு பங்குகூட இல்லை.

ஜாமர் தரப்பிலிருந்து இதைப் பாருங்கள். எந்தத் தடம் என்று தெரியாததால் எல்லாவற்றிலும் இரைய வேண்டும். கையில் 100 வாட் இருந்தால் 2,320 தடங்களுக்குப் பங்கிட்டுத் தலைக்கு 0.04 வாட்தான் கிடைக்கும். சரி, மூன்றில் ஒரு பங்குத் தடங்களை மட்டும் பலமாகக் கெடுக்கலாம் என்று நினைத்தால், பேச்சில் மூன்றில் ஒரு துண்டு போகும். மிச்சத்தை வைத்துப் பிழை திருத்தும் கணிதம் ஓரளவு ஒட்டிவிடும், கேட்பவரும் ஊகித்துக்கொள்வார். தாவலைத் துரத்தித் துரத்தி இரையும் ஜாமர்களும் உண்டு. ஆனால் தாவல் வேகமாக ஆக ஆக, அலை ஜாமருக்கு வந்து, அங்கிருந்து இரைச்சல் ரிசீவருக்குப் போய்ச் சேர்வதற்குள் பேச்சு அடுத்த தடத்துக்குப் போய்விடும்.

இதன் பலவீனம் கடிகாரம். எல்லா வயர்லெஸ்ஸும் ஒரே நேரத்தைக் காட்ட வேண்டும், ஒரே சாவி ஏற்றியிருக்க வேண்டும். கடிகாரம் பிசகினால் அந்தச் சிப்பாய்க்கு எதிரி ஜாமரே வேண்டாம், அவரே தனித்து நின்றுவிடுவார்.

இரைச்சலுக்குள் ஒளிந்துகொள்வது

இன்னொரு வழி, தாவாமல் செய்தியையே பல அதிர்வெண்களில் அகலமாகப் பரப்பிவிடுவது. அலை பரப்பல் என்று சொல்லலாம். நம் எல்லார் கைபேசியிலும் இது நடக்கிறது. ஜிபிஎஸ் செயற்கைக்கோள் சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்திலிருந்து அனுப்பும் அலை கீழே வரும்போது ரிசீவரின் சொந்த இரைச்சலைவிடவும் மெலிந்துவிடுகிறது. பிறகு எப்படிக் கேட்கிறது?

செயற்கைக்கோள் ஒவ்வொரு துணுக்குத் தகவலையும், அதாவது ஒரு '0' அல்லது '1'-ஐ, வெறுமனே ஒருமுறை அனுப்புவதில்லை. 1,023 சிறு துடிப்புகள் கொண்ட ஒரு குறிப்பிட்ட கோலத்தை இருபது முறை திரும்பத் திரும்ப அனுப்புகிறது. ஒரு துணுக்குக்கு 20,460 துடிப்புகள். ரிசீவருக்கு அந்தக் கோலம் முன்பே தெரியும். வந்ததை அதோடு பொருத்திக் கூட்டிக்கொண்டே போனால், கோலத்தோடு பொருந்துவது எல்லாம் சேர்ந்து எழும்பும். இரைச்சலோ ஒருமுறை கூடும், ஒருமுறை குறையும், கடைசியில் தன்னைத்தானே அடித்துக்கொள்ளும். ஜாமரின் இரைச்சலும் அப்படியே. கோலம் தெரியாத எதிரிக்கு அங்கே ஒலிபரப்பு இருக்கிறதா என்பதே சந்தேகமாக இருக்கும். ஆகவே திசை காண்பதும் கடினமாகிறது, இது தாவலைவிடக் கூடுதல் லாபம். ராணுவ வயர்லெஸ் சிலவற்றில் தாவலும் பரப்பலும் சேர்ந்தே இருக்கும்.

ஆனால் பொதுமக்களுக்கான ஜிபிஎஸ்ஸின் கோலம் ஊரறிந்தது, அலையும் பரிதாபமாக மெலிந்தது. அதனால் அது எளிதில் கெடும். அமெரிக்காவின் நூவர்க் விமான நிலையத்தில் விமானங்களுக்கு வழிகாட்டும் புதிய கருவிக்கு விட்டுவிட்டு இடையூறு வந்துகொண்டிருந்தது. 2012-இல் தேடிப் பிடித்தால், நிறுவன வண்டி ஒன்றின் ஓட்டுநர். முதலாளி தன் வண்டியைக் கண்காணிக்கக் கூடாதென்று சின்ன ஜாமர் ஒன்றைச் செருகி வைத்திருந்தார். கிட்டத்தட்ட 32,000 டாலர் அபராதம் விதித்தார்கள்.

ஜாமிங்கின் தம்பி ஒருவன் இருக்கிறான்: ஏமாற்று ஒலிபரப்பு. ஸ்பூஃபிங் என்று செய்திகளில் வரும். இரைச்சலுக்குப் பதில், நம்பும்படியான பொய்யை அனுப்புவது. 2017 ஜூனில் கருங்கடலில் இருந்த சுமார் 20 கப்பல்களின் ஜிபிஎஸ், அவை கரையில் ஒரு விமான நிலையத்தில் நிற்பதாகக் காட்டியது. இதற்கு மட்டும் குறியாக்கம் மறுபடி கைகொடுக்கும். ராணுவ ஜிபிஎஸ் கோலம் ரகசியம் என்பதால் அதைப் போலி செய்வது கடினம்.

தாவலிலும் பரப்பலிலும் ரகசியம் செய்தியில் இல்லை, அது பயணிக்கும் விதத்தில் இருக்கிறது. நல்ல ராணுவ வயர்லெஸ்ஸில் இரண்டு பூட்டும் இருக்கும். ஒன்று பேச்சுக்கு, மற்றொன்று அலைக்கு.

கருவி செய்யாததை ஆள் செய்ய வேண்டும்

எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். விற்பனைக் கண்காட்சிகளில் இதை யாரும் விளக்குவதில்லை, ஏனென்றால் விற்க ஒன்றும் இல்லை.

முதல் பாதுகாப்பு, பேசாமல் இருப்பது. அடுத்தது, பேசினால் சுருக்கமாகப் பேசுவது. போய்ச் சேரப் போதுமான குறைந்த வலுவையே வைப்பது. 5 வாட் போதும் இடத்தில் 50 வாட் வைப்பவர் எதிரிக்குத்தான் உதவுகிறார். எல்லாப் பக்கமும் பரப்பும் குச்சி ஆன்டெனாவுக்குப் பதில் ஒரே திசையில் அனுப்பும் ஆன்டெனாவை வைப்பது. ஆன்டெனாவை ஓரிடத்திலும் ஆட்களை வேறிடத்திலும் வைத்து நடுவில் கேபிள் போடுவது. உக்ரைனில் ட்ரோன் ஓட்டுபவர்கள் நிலவறையில் உட்கார்ந்துகொண்டு ஆன்டெனாவை வெகுதூரம் தள்ளி நட்டு வைப்பது இதனால்தான். குண்டு விழுந்தால் ஆன்டெனாவோடு போகும்.

அதே போர்க்களத்தில் 2024-லிருந்து கண்ணாடி இழை ட்ரோன்கள் பெருகின. ஜாமர்களால் ரேடியோ ட்ரோன்கள் கொத்துக் கொத்தாக விழுந்துகொண்டிருந்தபோது, ரேடியோவே வேண்டாம் என்று முடிவெடுத்துவிட்டார்கள். ட்ரோனின் வயிற்றில் ஒரு சுருள், அதிலிருந்து முடி போன்ற இழை கிலோமீட்டர் கணக்கில் பிரிந்துகொண்டே போகும். படமும் கட்டளையும் அதன் வழியே. ஜாம் செய்ய அலையே இல்லை. விலையும் உண்டு: சுருளின் எடை வெடிமருந்தைத் தின்னும், இழை மரத்தில் சிக்கும், அறுந்தால் அத்தோடு சரி. வயல்களும் புதர்களும் சிலந்தி வலை போர்த்தியதுபோல் இழை மூடிக் கிடக்கும் படங்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். ஓடிக்கொண்டே இருக்கும் டாங்கிப் படைக்கோ விமானத்துக்கோ இது உதவாது, அவற்றுக்கு ரேடியோதான் கதி.

ஜாமர் வைத்திருப்பவருக்கும் இதே கட்டுப்பாடு வேண்டும். அலையைத் தேடிப்போய் அதன் மூலத்தையே தாக்கும் ஏவுகணைகள் வியட்நாம் போர்க் காலத்திலிருந்தே இருக்கின்றன. முதலில் ரேடார்களைத் தாக்கவென்று வந்தவை அவை. நீண்ட நேரம் ஒரே இடத்தில் இரைந்துகொண்டிருக்கும் ஜாமரையும் எதிரி விட்டுவைக்க மாட்டான். இரைந்தால் தன் பக்கத்து வயர்லெஸ்ஸும் சேர்ந்து கெடும் என்பது இன்னொரு தலைவலி. எதிரியின் பேச்சை ஒட்டுக்கேட்டுக்கொண்டிருக்கும் சொந்த உளவுப் பிரிவுக்கோ அதைவிடப் பெரிய எரிச்சல். கேட்பதா, கெடுப்பதா என்று ஒவ்வொரு முறையும் யாராவது முடிவெடுக்க வேண்டும்.

சைபர் தாக்குதல் வேறு

2022 பிப்ரவரி 24 அன்று, ரஷ்யா உள்ளே நுழைந்த நேரத்தில், உக்ரைன் பயன்படுத்திய வயாசாட் செயற்கைக்கோள் இணையம் முடங்கியது. இதையும் ஜாமிங் என்று பலர் எழுதுகிறார்கள். அது கணினி வலைக்குள் புகுந்து ஆயிரக்கணக்கான மோடம்களின் மென்பொருளைக் கெடுத்த சைபர் தாக்குதல். ஜாமிங் நின்றதும் ரிசீவர் பழையபடி வேலை செய்யும். கெட்ட மோடமைத் தூக்கிப் போட்டுப் புதிது மாற்ற வேண்டியிருந்தது.

நம் பக்கம்

இந்தியத் தரைப்படைக்காக டிஆர்டிஓவும் பாரத் எலக்ட்ரானிக்ஸ் நிறுவனமும் சேர்ந்து உருவாக்கிய 'சம்யுக்தா', லாரிகளில் நகரும் மின்னணுப் போர்த் தொகுதி. கேட்பது, திசை காண்பது, கெடுப்பது மூன்றும் அதில் உண்டு. இந்தத் துறைக்கான ஆய்வகம் ஹைதராபாத்தில் இருக்கிறது.

பொதுமக்களுக்கு ஜாமர் பரிச்சயமாவது சிறைச்சாலையிலும் தேர்வு மையத்திலும்தான். ஆன்லைனில் ஒன்று வாங்கி வீட்டில் வைக்கலாமா என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். கூடாது. அரசின் அனுமதி இல்லாமல் ஜாமரைப் பயன்படுத்துவதும் விற்பதும் விளம்பரம் செய்வதும் சட்டவிரோதம் என்று தொலைத்தொடர்புத் துறை 2022 ஜனவரியிலும் நினைவூட்டியது.

அலை எப்படி நடந்துகொள்கிறது என்று கையால் தொட்டுப் பார்க்க ஆசை இருந்தால் அதற்கு நல்ல வழி அமெச்சூர் ரேடியோ, அதாவது 'ஹாம்'. ஒரு தேர்வு எழுதி உரிமம் வாங்க வேண்டும், 12 வயது ஆனவர்களே எழுதலாம். ஹாம் ஆர்வலர்கள் 'நரி வேட்டை' என்று ஒரு போட்டி நடத்துவார்கள். சின்ன ஒலிபரப்பி ஒன்றை எங்கேயாவது ஒளித்து வைத்துவிட்டு, ஆளுக்கொரு ஆன்டெனாவோடு தேடிக் கிளம்புவார்கள். அலுமினியக் குச்சிகளை வைத்துச் செய்த ஆன்டெனாவை மெதுவாகத் திருப்பினால் ஒரு திசையில் சத்தம் ஏறும், இன்னொரு திசையில் இறங்கும். நாலு எட்டு நடந்து மறுபடி திருப்பிப் பார்ப்பார்கள். பழகியவர்கள் நரியை மளமளவென்று பிடித்துவிடுவார்கள்.